பத்தியம் கேட்கும் கடல்

முத்துப்பேட்டை

கோரையாற்றில் படகு கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். டீச்சர் இரண்டு முறை மூச்சை ஆழ இழுத்துப் பார்த்தார். சேற்று வாடை இருந்தது. உப்பு வாடை இருந்தது. அவர் எதிர்பார்த்திருந்த மூன்றாவது வாடையைக் காணோம்.

அந்த வாடை எண்ணூர்ப் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும். டீச்சர் திருவொற்றியூர்க்காரர், முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கொசஸ்தலையாறு கடலைத் தொடும் கழிமுகத்தில் அனல்மின் சாம்பல் படியப் படிய, படகு மிதந்த இடத்தில் ஆள் நடந்து போவதைப் பார்த்தவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கியபோது, உடம்பெல்லாம் கறுப்புப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த கூழைக்கடாக்களைப் பழைய மாணவர்கள் படம் எடுத்து அவருக்கு அனுப்பினார்கள். கெட்டுப்போன கடலைப் பார்த்தது போதும், தேறி வருகிற கடல் என்று ஒன்று இருந்தால் அதையும் பார்த்துவிடலாம் என்று அண்ணன் மகனைக் கார் ஓட்டச் சொல்லிக் கிளம்பிவிட்டார். மாசி மகத்துக்கு நாலு நாள் இருந்தது.

தேடி வந்த இடம் பாக் விரிகுடா. கோடியக்கரையில் தொடங்கித் தனுஷ்கோடி வரை வில்லாக வளைந்து கிடக்கும் கடல். எதிர்க்கரையில் யாழ்ப்பாணம், மன்னார். 18ஆம் நூற்றாண்டில் சென்னையில் கவர்னராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயர் எப்படியோ இதற்கு ஒட்டிக்கொண்டது. சராசரி ஆழம் ஒன்பது மீட்டர்தான். மூன்று மாடி வீட்டை இறக்கி வைத்தால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வெளியே தெரியும். ஆழம் குறைவு என்பதால் வெயில் தரைவரை இறங்குகிறது. வெயில் இறங்குவதால் தரையில் புல் முளைக்கிறது. புல் இருப்பதால் மீன் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. அடியைச் சுரண்டி எடுப்பது இங்கே சுலபமாக இருப்பதற்கும் அதே ஆழக்குறைவுதான் காரணம்.

ஆற்றின் இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள். வேரடியில் ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்கள் பென்சில் நட்டு வைத்தது போல சேற்றிலிருந்து நிமிர்ந்து நின்றன.

“இதெல்லாம் தானா வளந்த காடா அண்ணே?” என்றான் அண்ணன் மகன்.

“பாதி தானா வளந்தது தம்பி. மீதி வாய்க்கா வெட்டி வளத்தது” என்றார் படகோட்டி. வெட்டிய ஆட்களில் அவருடைய அப்பாவும் ஒருவராம்.

இந்தக் காட்டை வெள்ளைக்காரர் காலத்திலிருந்து 1970 வாக்கு வரைக்கும் கூப்பு கூப்பாக, அதாவது பகுதி பகுதியாகப் பிரித்து, ஏலம் விட்டு வெட்டினார்கள். ஒரு கூப்பில் மரமெல்லாம் போனதும் சேறு நேரடியாக வெயிலில் காய்ந்தது. காய்ந்த சேறு அமுங்கித் தட்டு மாதிரி குழிந்தது. பெரிய ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் அந்தத் தட்டிலேயே நின்று வற்றி, உப்பை மட்டும் விட்டுப் போனது. அந்த உப்பில் விதை விழுந்தாலும் முளைக்கவில்லை. மரம் நட்டுப் பார்த்தார்கள், பட்டுப் போனது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி. ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வந்தது, வற்றத்தில் வெளியே போனது. உப்பு கரைந்தது. பிறகு நட்டதும் பிழைத்தது, நடாததும் முளைத்தது.

மரம் நடும் விழாவுக்கு ஊரெல்லாம் படம் எடுக்கிறார்கள். வாய்க்கால் வெட்டியதற்கு யாரும் மாலை போட்டதாகத் தெரியவில்லை. ஆனால் இந்தக் காட்டை எழுப்பியது அந்த வாய்க்கால்தான்.

காயல் விரிந்த இடத்தில் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். ஒரு பக்கம் மட்டும் மரங்கள் மொட்டையாக, கிளை முறிந்து நின்றன. “கஜா” என்றார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த புயலை இந்தப் பக்கத்தில் யாரும் வருடம் சொல்லிப் பேசுவதில்லை. கஜாவுக்கு முன்னால், கஜாவுக்குப் பின்னால், அவ்வளவுதான். புயல் காட்டைப் பிய்த்துப் போட்டதோடு பின்னால் இருந்த பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளையும் சாய்த்துவிட்டுப் போனது. தென்னையை மனிதர்கள்தான் திரும்ப நட வேண்டியிருந்தது. அலையாத்தியில் பெரும்பகுதி தானாகவே துளிர்க்கத் தொடங்கிவிட்டது என்பதைப் படகோட்டி ஒரு பொறாமையோடு சொன்னார். அவருக்கு நாற்பது தென்னை போயிருந்தது.

அதிராம்பட்டினம்

உப்பளங்களைத் தாண்டி ஊருக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்திருந்தது. நோன்பு மாதம். டீச்சரோடு வேலை பார்த்தவரின் தங்கை வீட்டில் பாய் விரித்துத் தயாராக இருந்தார்கள்.

“உட்காருங்க டீச்சரம்மா, பாங்கு சொல்லப் போறாங்க” என்று கஞ்சிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார் அந்த அம்மா. நோன்புக் கஞ்சி, வடை, பேரீச்சம்பழம். கடைசியில் கட்டம் கட்டமாக நறுக்கிய, பாலில் செய்த வெள்ளைக் கடல்பாசி. வாயில் போட்டதும் வழுக்கி ஓடுகிற அந்த இனிப்பைச் சென்னையில் பொட்டலத்தில் வாங்கிக் காய்ச்சிச் சாப்பிட்டிருக்கிறார் டீச்சர். அதன் முதல் ஆளை இன்னும் நாலு நாளில் பாம்பனில் சந்திக்கப் போகிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

வெளிவயல், மனோரா, மல்லிப்பட்டினம்

சனிக்கிழமை காலை. பாக் விரிகுடாவில் கிழமைக்கு ஒரு சட்டம் உண்டு. திங்கள், புதன், சனி விசைப்படகு கடலுக்குப் போகும்; மற்ற நாலு நாள் நாட்டுப்படகு. 1970களில் விசைப்படகின் இழுவைமடி வலையில் நாட்டுப்படகு வலைகள் சிக்கிக் கிழிந்து, அது அடிதடியாகி, வெட்டுக் குத்தாகி, கடைசியில் பேசி முடித்த ஏற்பாடு. அதனால் வெளிவயல் கரையில் அந்த வயதான நாட்டுப்படகு மீனவருக்கு அன்று ஓய்வு. வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர், பேச ஆள் கிடைத்ததில் சந்தோஷப்பட்டார்.

“ஆவுளியா பாக்க வந்தீங்களா? எல்லாரும் அதத்தான் கேட்டு வர்றாக. நானே பாத்து ரெண்டு வருசமாச்சு.”

ஆவுளியா என்பது கடல்பசுவுக்கு இந்தக் கரையின் பெயர். மூன்று மீட்டர் நீளம், நானூறு கிலோ வரை எடை. கடலில் வாழ்ந்துகொண்டு முழுக்க முழுக்கப் புல் தின்று பிழைக்கும் பாலூட்டி. ஒரு நாளைக்கு நாற்பது கிலோ கடற்புல் வரை மேயும். சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும்; வலையில் சிக்கினால் மூழ்கித்தான் சாகும். ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு கன்று போடும், அடுத்த கன்றுக்கு மூன்று வருடமும் ஆகலாம், ஏழு வருடமும் ஆகலாம். இப்படி மெதுவாகப் பெருகும் ஒன்றை வேகமாகக் கொன்றால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. இந்தியக் கடல் முழுக்கச் சேர்த்தே இருநூற்றைம்பதுக்குள்தான் இருக்கும் என்கிறார்கள். அதில் பெரும்பங்கு இந்த விரிகுடாவில்.

“சின்னப் பிள்ளையில கறி தின்னுருக்கேன்” என்றார் அவர், வலையைப் பார்த்துக்கொண்டே. “மாட்டுக்கறி மாதிரிதான் இருக்கும். அப்ப சட்டம் இல்ல. இப்ப மாட்டுச்சுன்னா வலைய அறுத்து விட்டுர்றது. வலை போனாப் போகுது.”

அப்படி விட்டவர்களை வனத்துறை கூப்பிட்டுப் பாராட்டி, பணமுடிப்பும் கொடுக்கிறது. டேராடூனில் இருக்கும் இந்திய வன உயிரின நிறுவனம் 2016 முதல் மீனவர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து, அவர்கள் பிள்ளைகளுக்குக் கடல்பசுவின் பெயரிலேயே படிப்பு உதவித்தொகை தருகிறது. பெயருக்கு முன்னால் காசு வந்தால் பாசம் தானாக வரும் என்று சிரித்தார் பெரியவர். ஆனால் வலையை அறுத்து விட்ட கதையைச் சொல்லும்போது அவர் குரலில் காசு இல்லை.

2022 செப்டம்பர் 21 அன்று தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாட்டில் இதுதான் முதல். அதற்குள் 12,250 ஹெக்டேர் கடற்புல் இருக்கிறது. காகிதத்தில் இது கடல்பசுவின் பெயரில் இருந்தாலும், காப்பாற்ற வேண்டியது புல்லைத்தான் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பல வருடம் முன்னாலேயே சொல்லத் தொடங்கியவர் பாலாஜி வேதராஜன். அவர் தொடங்கிய ஓம்கார் அறக்கட்டளை வெளிவயலில் இருந்துகொண்டு, புல் அழிந்த இடங்களில் திரும்ப நடுகிறது.

நடும் விதத்தைப் பெரியவர் மணலில் விரலால் வரைந்து காட்டினார். மூங்கிலில் ஒரு சட்டம். அதன் குறுக்கும் நெடுக்கும் தேங்காய் நார்க் கயிறு. அடர்ந்து வளர்ந்த இடத்திலிருந்து வேரோடு எடுத்த புல் துண்டுகளைக் கயிற்றில் கட்டி, மொட்டைத் தரையில் சட்டத்தை இறக்கிவிடுவது. புல் வேர் பிடிப்பதற்குள் நீவாடு (நீரோட்டம்) அடித்துக்கொண்டு போகாமல் சட்டம் பிடித்துக்கொள்ளும். வேர் பிடித்த பிறகு மூங்கிலும் நாரும் மக்கிப் போகும். எடுக்கப் போக வேண்டியதில்லை. கஜாவில் தென்னை போன ஊரில் தேங்காய் நாரை வைத்துக் கடலுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள்.

“பள்ளிக்கூடத்துல இதைப் பாசின்னு நினைச்சு நிறையப் பேர் எழுதுவாங்க” என்று டீச்சர் பாடத்துக்குள் போய்விட்டார். பாசிக்கு வேர் கிடையாது, பூ கிடையாது. கடற்புல்லுக்கு வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உண்டு. நெல்லுக்கும் தென்னைக்கும் தூரத்து உறவு, எப்போதோ கரையிலிருந்து கடலுக்குக் குடிபோனது. அண்ணன் மகன் கொட்டாவி விட்டான். பெரியவர் மட்டும் கவனமாகக் கேட்டுவிட்டு, தாங்கள் அதைக் கடல்தாழை என்று சொல்வதாகச் சொன்னார்.

காற்று எழும் முன் துடுப்புப் போட்டுக் கொஞ்ச தூரம் கூட்டிப் போனார். இடுப்பளவுத் தண்ணீர்தான். வாடைக்காற்று ஓய்ந்த மாசியில் தண்ணீர் தெளிந்து கிடந்தது. கீழே பச்சை, நாற்றங்கால் மாதிரி அடர்ந்து, ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. நடுவே பாம்பு போனது போல வெறும் மணல் தடம் ஒன்று. ஆவுளியா மேய்ந்துகொண்டே போனால் இப்படித்தான் ஏர் ஓட்டியது மாதிரித் தடம் விழும். சில வாரத்தில் புல் திரும்ப மூடிவிடும். இந்தத் தடம் அதுதானா, படகு நங்கூரம் இழுத்ததா என்று கேட்டதற்கு, “நங்கூரம்னு சொன்னா உங்களுக்கு வருத்தமா இருக்கும்” என்றார்.

பிறகு தூரத்தில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த விசைப்படகுகளைத் துடுப்பால் காட்டினார்.

“நடுறது மருந்து டீச்சர். மருந்து யார் வேணும்னாலும் குடுக்கலாம். பத்தியம் இருக்கணுமில்ல?”

இழுவைமடியின் வாயை அகட்டி வைக்க இரண்டு பக்கமும் கனத்த பலகைகள் உண்டு. அவை தரையை உழுதுகொண்டே போகும். மனிதர்கள் பல மாதம் கட்டி நட்டதைப் பலகை ஒரே இரவில் வாரிக்கொண்டு போய்விடும். கரையிலிருந்து இத்தனை கடல்மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டு மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. விரிகுடாவின் அகலத்தைப் பார்த்தால் சட்டம் விட்டு வைத்த இடத்துக்கும் இலங்கை எல்லைக்கோட்டுக்கும் நடுவில் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியும். அங்கே மீன் இல்லாவிட்டால் படகு இரண்டில் ஒரு பக்கம் தாண்டத்தான் செய்யும்.

மதியச் சாப்பாடு மல்லிப்பட்டினத்தில். நீலக்கால் நண்டைத் தட்டிப் போட்ட குழம்பு, ஓரா மீன் வறுவல். இரண்டுமே கடற்புல்லில் வளர்கிறவை. நண்டின் கால் சமைத்தால் சிவந்துவிடும், நீலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஏலக்கூடத்துக்கே போக வேண்டும் என்றார் கடைக்காரர். போனார்கள், பார்த்தார்கள். பெரிய நண்டெல்லாம் ஐஸ் பெட்டியில் ஏற்றுமதிக்குப் போய்க்கொண்டிருந்தது. குழம்பில் கிடந்தது அதில் கழித்தது.

மனோராவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பினார்கள். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடத் தஞ்சாவூர் சரபோஜி மன்னர் எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம் அது. யாருடைய சண்டை, யாருடைய வெற்றி, யாருடைய கடற்கரை!

காரங்காடு

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், தொண்டி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊர்கள் கடந்து போயின. காரங்காட்டில் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து படகு விடுகிறார்கள். அலையாத்திகளுக்கு நடுவே துடுப்புப் போட்டுப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ராமநாதபுரம், மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய. பெண்கள் குழு சமைத்த சாப்பாட்டில் கணவாய் வறுவலும் நண்டு ரசமும் இருந்தன. அந்த ரசத்துக்காகவே இன்னொரு முறை வரலாம்.

அண்ணன் மகன் முகமூடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முகத்தைக் கவிழ்த்தான். அதுவரை கைபேசியை விட்டு நிமிராதவன் வெகுநேரம் எழவே இல்லை.

“அத்தை, புல்லுக்குள்ள ஒரு நண்டு என்னையே பாத்துட்டு நிக்குது.”

“அது வீட்டுல நீ நுழைஞ்சிருக்க. பாக்காதா?”

ஊர் இளைஞர்கள் படகு ஓட்டுகிறார்கள், ஊர்ப் பெண்கள் சமைக்கிறார்கள், காடு நின்றால்தான் இருவருக்கும் கூலி. வெட்டாதே என்று காவல் நிற்பதை விட இது மலிவான காவல். இங்கே ஒரு குறையும் கண்ணில் பட்டது: கரையோரப் புதரில் சிக்கிக் கிடந்த தங்கூசி வலைத் துண்டுகளும் தண்ணீர் பாட்டில்களும். வருகிறவர்கள் கொண்டு வருவது பாதி, கடல் கொண்டு வருவது பாதி.

மண்டபம்

திங்கட்கிழமை காலை, மண்டபம் வடக்குக் கரை. விசைப்படகுகள் டோக்கன் வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளம்பின. டீசல் புகையும் ஐஸ் உடைக்கும் சத்தமும் காலை வெயிலில் கலந்திருந்தன. மூன்று நாளாக இழுவைமடியைப் பற்றிக் கேட்டுக் கேட்டு டீச்சரின் மனதில் ஒரு வில்லன் உருவாகியிருந்தான். நேரில் பார்த்தபோது அவனுக்கு முப்பது வயது, காலில் பிளாஸ்டர், படகின் டிரைவர். சென்ற முறை அடிபட்டதால் இந்த முறை கரையில்.

“அடிமண்ண வாருறோம்னு எங்களுக்குத் தெரியாதா டீச்சர்? எங்க அப்பாவுக்கு ஒரு இழுப்புல கெடச்ச இறாலு எனக்கு நாலு இழுப்புல கெடைக்கல. படகு ஓனருக்குக் கடன், ஓனரு கம்பெனிக்காரருக்குக் கடன். வேற என்ன பண்ணச் சொல்றீக?”

அவர்களைக் கடலுக்கு அனுப்பியது அரசுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. அறுபதுகளில் இறாலுக்கு அந்நியச் செலாவணி கிடைத்தது. விசைப்படகுக்கு மானியம் கிடைத்தது. ‘இளஞ்சிவப்புத் தங்கம்’ என்று இறாலைக் கொண்டாடிய காலம். அதே அரசு 2017இல் இழுவைப் படகை விட்டு ஆழ்கடல் சூரைப் படகுக்கு மாறச் சொல்லித் திட்டம் கொண்டுவந்தது. ஒரு படகு 80 லட்சம் ரூபாய், அதில் எழுபது சதவீதம் மானியம், மூன்று ஆண்டில் 2,000 படகு என்பது இலக்கு. மாறியவர்கள் அதில் சிறு பகுதிதான். ஒரே இரவில் போய் மறுநாள் வீட்டுக்கு வந்து சோறு தின்று பழகியவர்களுக்கு, வாரக் கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும் தொழில் வேறு ஒரு தொழில். மீதி முப்பது சதவீதமும் அவர்களுக்குச் சின்னத் தொகை இல்லை.

எதிர்க்கரையிலும் கதை இதுதான், பாத்திரம் மட்டும் மாறும். 2009இல் போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போவது இந்தக் கரைப் படகுகள். 1974இல் போட்ட எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. தரையில் வளரும் புல்லுக்கும் தெரியாது. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 2021இல் பழைய பேருந்துகளை வடக்குக் கடலில் இறக்கி மீன் உறைவிடம் என்றார்கள். வழியடைப்பு என்று இங்கே கொதித்தார்கள். கைது, படகுப் பறிமுதல், உண்ணாவிரதம் எல்லாம் செய்தியாகிறது. இரண்டு கரையிலும் தமிழில் அழுகிறவர்கள் ஒரே அழுகையைத்தான் அழுகிறார்கள் என்பது செய்தியாவதில்லை.

மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. 1971 வரை அந்த நிறுவனத்துக்கு இதுதான் தலைமையகம். அறுபதுகளில் இங்கே ஒரு ஜோடிக் கடல்பசுவைத் தொட்டியில் வைத்துப் பல வருடம் வளர்த்தார்கள். இன்று தொட்டிகளில் வேறு வேலை நடக்கிறது. பச்சை வரி இறாலைக் குஞ்சு பொரிக்க வைத்து, கொஞ்சம் வளர்ந்ததும் விரிகுடாவில் கொண்டுபோய் விடுகிறார்கள். விதைத்துவிட்டு அறுவடையை எல்லோருக்கும் விட்டுவிடும் விவசாயம். குஞ்சு பிழைக்க அதற்கும் புல் வேண்டும். பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேயே வந்தது.

கால்கட்டு டிரைவர் பிரியும்போது ஒன்று சொன்னார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தோரு நாள் தடைக்காலம் முடிந்து போகும் முதல் நாள் மட்டும் மடி கனமாக வருமாம். “அன்னைக்கு மட்டும் எங்க அப்பா காலம் மாதிரி இருக்கும்.” வெளிவயல் பெரியவர் கேட்ட பத்தியம் எவ்வளவு வேலை செய்யும் என்று இவருக்கும் தெரிந்துதான் இருக்கிறது. பத்தியம் இருக்கும் நாளில் சோறு யார் போடுவது என்பதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை.

பாம்பன், சின்னப்பாலம்

2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலமும் 1914இன் பழைய பாலமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. பாலத்தின் மேலிருந்து பார்த்தால் இரண்டு கடல். வடக்கே பெண் கடல், பாக் விரிகுடா, குளம் மாதிரி. தெற்கே ஆண் கடல், மன்னார் வளைகுடா, நுரை கக்கிக்கொண்டு. கச்சான் காற்றுக் காலத்தில் இன்னும் ஆடும்.

செவ்வாய்க்கிழமை, மாசி மகம். ராமேசுவரத்தில் தீர்த்தமாட வந்தவர்களால் சாலை நிறைந்திருந்தது. சின்னப்பாலத்துப் பெண்களுக்கும் அன்று கடலில் இறங்கும் நாள், புண்ணியத்துக்காக இல்லை. பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், அமாவாசையை ஒட்டி ஆறு நாள், மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது என்று அவர்களே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். இரும்புத் தகட்டால் சுரண்டக் கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும் என்பது இன்னொன்று. அடிப்பகுதியை விட்டு வைத்தால் அடுத்த முறை தழைத்திருக்கும்.

மதியம் வள்ளம் கரை சேர்ந்தது. புடவைக்கு மேல் ஆண்களின் பனியன், கண்ணில் கண்ணாடி, விரல் ஒவ்வொன்றிலும் துணிச் சுற்று. காலில் செருப்போடு சேர்த்துக் கட்டிய அலுமினியத் தட்டு. நீந்தும்போது அதுதான் மீன் வால். சாக்குகளைக் கரையில் கொட்டி வகை பிரித்தார்கள். மரிக்கொழுந்துப் பாசி தனி, கஞ்சிப்பாசி தனி, கட்டக்கோரை தனி. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகார் எடுக்கிறார்கள். அதிராம்பட்டினத்தில் வாயில் வழுக்கிய வெள்ளைக் கட்டங்களின் முதல் ஆள் இதோ, மண்ணும் சிப்பியும் ஒட்டிக்கொண்டு, ஒரு பெண்ணின் வெட்டுப்பட்ட விரல்களுக்கு நடுவில்.

இவர்கள் பறிக்கப் போகும் மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. அன்றிலிருந்து பல தலைமுறையாகப் போன இடத்துக்கே பயந்து பயந்து போக வேண்டியதாயிற்று. இவர்களில் ஒருவரான லட்சுமி, சங்கமாகச் சேர்ந்து பேசி, தொழிலையும் தீவையும் ஒன்றாகக் காப்பாற்றலாம் என்று நின்றவர். 2015இல் அவருக்கு சீகாலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. கையால் பறிக்கும் இந்தப் பெண்களால் பவளத்துக்கு ஆபத்து என்று ஒரு பக்கம் பேச்சு நடந்தபோது, 1990களில் ஆய்வுக்கென்று கொண்டுவந்து பிறகு வளர்ப்புக்குப் போன கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் போர்வை போலப் படர்ந்தது. ஊரில் அதற்குப் ‘பெப்சி பாசி’ என்று பெயர். வளர்ப்பில் முதலில் இறங்கிய குளிர்பான நிறுவனத்தை வைத்துக் கிடைத்த பெயர். கடலுக்கு எது நோய், எது மருந்து என்பதில் படித்தவர்களும் தவறியிருக்கிறார்கள்.

பிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். டீச்சர் அவர் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்து, தெரிந்த வரைக்கும் வகை பிரித்துக் கொடுத்தார். இரண்டில் ஒன்று தப்பாகப் போனது. அக்கா பேசாமல் எடுத்துச் சரியான குவியலில் போட்டுக்கொண்டே இருந்தார்.

“ஒங்க ஊருலயும் கடல் உண்டாமே டீச்சர்?”

“உண்டுக்கா. நம்ம வீட்டுல இருந்து நடந்தே போயிடலாம்.”

“பாசி எடுப்பாகளா?”

“பாசி இல்ல. ஆத்து முகத்துவாரத்துல கையால தடவி இறால் புடிப்பாங்க. மூச்சு அடக்கி உள்ள போய்த் தடவுவாங்க, ஆம்பளைங்களும் பொம்பளைங்களும்.”

டீச்சர் சாம்பலைப் பற்றிச் சொன்னார். எண்ணெய் வந்த டிசம்பரைப் பற்றிச் சொன்னார். கூழைக்கடாப் படத்தைக் கைபேசியில் தேடி எடுத்துக் காட்டினார். அக்கா ஈரக் கையைப் பனியனில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கி, வெயிலுக்குக் கையை மறைத்துக்கொண்டு பார்த்தார். கழுத்தில் தொங்கிய நீச்சல் கண்ணாடியை இன்னொரு கையால் தொட்டுக்கொண்டார்.

“இதுக்குள்ளயா முங்குறாக?” என்றார். “கண்ணெல்லாம் எரியுமே.”